மாடு தாங்கும், மருத்துவம் தாங்குமா?

அரசுப் பணியில் சேர்ந்த புதிது. கோமாரித் தடுப்பூசி முகாம். ஊர்ப் பொதுக்கிணற்றடியில், வேப்பமர நிழலில் நாற்பது ஐம்பது மாடுகள் வரிசையில் நின்றன. என் கையில் சிரிஞ்சு. உதவியாளர் கையில் ஐஸ் பெட்டியும் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சும். ஒரு மாட்டின் கழுத்தில் குத்தி எடுத்த ஊசியைப் பஞ்சால் ஒரு துடை துடைத்துவிட்டு, அடுத்த மாட்டுக்கு நகர்ந்துகொண்டிருந்தேன். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். அடுத்த ஊர் காத்திருந்தது.

செவலைப் பசு ஒன்றைப் பிடித்திருந்த மூதாட்டி கயிற்றை விடவில்லை. “ஏஞ் சாமி, முன்னால நின்ன மாட்டுக்குக் குத்துன ஊசியத்தான் இதுக்கும் குத்துவியா? எம் பேரனுக்கு நர்சம்மா புதுசு பிரிச்சில்ல போட்டாங்க?”

“மாட்டுக்கு ஒண்ணும் ஆகாதும்மா, தாங்கும்” என்றேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் கயிற்றைத் தளர்த்தினார். பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தச் சிரிப்பு காதில் கேட்கிறது. அன்றைக்கு அந்த இடத்தில் மருத்துவம் பேசியவர் அவர் ஒருவர்தான்.

“மாடு தாங்கும்” என்பது எங்கள் தொழிலில் புழங்கும் ஒரு வசதியான சொல். கழுவாத கத்தரி, அரைகுறையாகக் கொதித்த ஊசி, ஒரே தட்டில் நாள் முழுக்க ஊறும் இடுக்கி எல்லாமே அந்தச் சொல்லின் நிழலில் ஒதுங்கிக்கொள்கின்றன. கால்நடை மருத்துவத்தில் கருவிகளின் தூய்மை என்பது மருந்து, தடுப்பூசி, அறுவைத் திறன் எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டியது. நடைமுறையிலோ அது நேரம் இருந்தால் செய்யும் வேலையாகிவிட்டது. அதன் விலையை மருத்துவர் கொடுப்பதில்லை. மாடு கொடுக்கிறது, மாட்டை நம்பியிருக்கும் குடும்பம் கொடுக்கிறது, கடைசியில் நாம் எல்லோரும் கொடுக்கிறோம்.

தாங்குவது எப்படி?

மாடு தாங்கும் என்பதில் ஓரளவு உண்மை இருக்கிறது, சிக்கலே அதுதான். மாட்டின் வயிற்றறைக்குள் கிருமி புகுந்தால், அதன் உடல் ஃபைப்ரின் என்னும் பசை போன்ற புரதத்தால் அந்த இடத்தைச் சுற்றி வேலி கட்டிவிடும். தீவனத்தோடு ஆணியையும் கம்பியையும் விழுங்கிய மாடு, இரைப்பையில் துளை விழுந்த பிறகும் நாள்கணக்கில் நடமாடுவது இதனால்தான். குதிரைக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. அதன் வயிற்றறையில் தொற்று ஏறினால் நிலைமை விரைவில் கைமீறிவிடும்.

கொட்டகையிலேயே மாட்டை நிற்க வைத்து, விலாப்பக்கம் அறுத்து, வயிற்றிலிருந்து கிலோ கணக்கில் பாலித்தீனை அள்ளி எடுத்துத் தைத்து அனுப்புகிறோம். மாடு மறுநாள் அசை போடுகிறது. இப்படிப் பத்து மாடுகள் பிழைத்தால், பதினொன்றாவது மாட்டுக்குக் கருவிகளை வேகவைக்கும் அக்கறை தானாகக் குறைந்துவிடுகிறது.

ஆனால், வேலி கட்டப்பட்ட தொற்று ஒழிந்த தொற்று ஆகாது. உள்ளே சீழ்க்கட்டி நிற்கும், குடல் ஒட்டிக்கொள்ளும். கருப்பையில் கை வைத்த மாடென்றால் சினை பிடிப்பது தள்ளிப்போகும். பால் குறையும். சில மாதங்கள் கழித்து ‘நிற்காத மாடு’ என்று சந்தைக்கு ஓட்டப்படும். அதற்கும், கன்று ஈன முடியாமல் தவித்த இரவில் கட்டுத்தறியிலிருந்து எடுத்து உள்ளே விட்ட கயிற்றுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று யாரும் யோசிப்பதில்லை. கன்றை இழுக்க எஃகுச் சங்கிலி இருக்கிறது; அதைக் கழுவலாம், வேகவைக்கலாம். சாணமும் சிறுநீரும் ஊறிய பருத்திக் கயிற்றை என்ன செய்வது?

காம்பில் பால் அடைத்துக்கொண்டால் நுழைக்கும் சிறு குழாயும் அப்படித்தான். காம்பின் துளையை மெழுகு போன்ற ஒரு பொருளால் அடைத்து, இயற்கை மடியைக் காக்கிறது. சட்டைப் பையிலிருந்து எடுத்து, ஊதிவிட்டு நுழைக்கும் குழாய் அந்தக் காவலைத் தள்ளிக்கொண்டு கிருமியை நேராக மடிக்குள் கொண்டு சேர்க்கிறது. பால் இறங்குகிறது, இரண்டு நாளில் மடி வீங்குகிறது. மடிநோயைத் தீர்க்க வந்த கருவியே மடிநோயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறது.

ஊசிமுனையில் ஏறி வரும் நோய்

ஒரே ஊசியால் பல மாடுகளைக் குத்தும்போது என்ன நகர்கிறது? கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம்தான். அதுவே போதும். மாட்டின் ரத்தச் சிவப்பணுக்களைத் தாக்கிச் சோகையில் தள்ளும் அனாபிளாஸ்மா, மாடு, எருமை, குதிரை, ஒட்டகம் எல்லாவற்றையும் வாட்டும் சர்ரா ஆகியவற்றை உண்ணியும் கடிக்கும் ஈயும் பரப்புகின்றன என்று படிக்கிறோம். ஈயின் வாயில் ஒட்டிய ரத்தம் நோயைக் கடத்துமென்றால், அதைவிடப் பருமனான ஊசியில் ஒட்டிய ரத்தம் கடத்தாதா? கொம்பு நீக்கும் கருவி, காயடிக்கும் கத்தி, சினைப் பரிசோதனைக்குப் போடும் நீளக் கையுறை ஆகியவையும் இந்த வரிசையில் சேரும். மாடுகளின் ரத்தப் புற்றுநோய் வைரஸ் இப்படிப் பரவுவதை மேலை நாட்டுப் பண்ணைகளில் ஆராய்ந்து நிறுவியிருக்கிறார்கள்.

நம் நாட்டில் 2019 செப்டம்பரில் மதுராவில் தொடங்கிவைக்கப்பட்ட தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கு, ஐந்தாண்டுகளுக்கு 13,343 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தடுப்பூசி. பெண் கன்றுகளுக்கு நான்கு முதல் எட்டு மாத வயதுக்குள் கருச்சிதைவு நோய்த் தடுப்பூசி. மாட்டுக்கு மாடு 12 இலக்க எண்ணுடன் காதுவில்லை. அருமையான திட்டம். ஆனால், காதுவில்லை மாட்டும் இடுக்கியின் கூர்முனை ஒவ்வொரு மாட்டின் காதையும் துளைத்துக்கொண்டு போகிறது. நோயை ஒழிப்பதற்காக எண் கொடுக்கிறோம். ஒரு காதின் ரத்தம் உலர்வதற்குள் அடுத்த காதுக்குப் போகும் அந்த இடுக்கிக்கு மட்டும் எந்தக் கணக்கும் இல்லை.

இதில் இன்னொரு முரணும் உண்டு. கருச்சிதைவு நோய்த் தடுப்பூசி உயிருள்ள, வீரியம் குறைத்த கிருமியால் ஆனது. தவறி நம் கையில் குத்தினால் நமக்கே காய்ச்சல் வரும். அத்தகைய மருந்தை ஏற்றும் சிரிஞ்சிலோ ஊசியிலோ ஸ்பிரிட் தங்கினால் மருந்தின் வீரியம் கெடும். ஒரு துடையில் நோய்க்கிருமியைக் கொல்ல வக்கில்லாத ஸ்பிரிட்டுக்குத் தடுப்பு மருந்தைக் கெடுக்கும் வல்லமை மட்டும் இருக்கிறது.

நல்ல நோக்கத்தோடு நடத்திய முகாமே நோயைப் பரப்பிய கதை மனித மருத்துவத்தில் உண்டு. எகிப்தில் நத்தைகள் வழியாகப் பரவும் சிஸ்டோசோமியாசிஸ் என்னும் ஒட்டுண்ணி நோயை ஒழிக்க, 1950களிலிருந்து 1980களின் தொடக்கம் வரை ஊர் ஊராக ஊசி போட்டார்கள். கண்ணாடி சிரிஞ்சுகளைச் சரியாகக் கிருமிநீக்கம் செய்யாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். பிற்காலத்தில், உலகிலேயே ஹெபடைட்டிஸ்-சி மிக அதிகமாக உள்ள நாடுகளில் ஒன்றாக எகிப்து ஆனதற்கு இந்த முகாம்களே முதன்மைக் காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஊசி போட்டவர்கள் கெட்டவர்கள் அல்ல. அவர்களும் வெயில் ஏறுவதற்குள் அடுத்த ஊருக்குப் போக வேண்டியவர்கள்தான்.

கொதித்தால் போதுமா?

“தண்ணியில போட்டுக் கொதிக்க வெச்சாச்சு” என்பது பல கால்நடை மருந்தகங்களில் கேட்கும் பதில். கொதிநீர் பெரும்பாலான பாக்டீரியாக்களையும் வைரஸ்களையும் கொன்றுவிடும்; மறுப்பதற்கில்லை. ஆனால், அடைப்பான் நோயையும் டெட்டனஸையும் உண்டாக்கும் கிருமிகள், காலம் சரியில்லை என்றால் தம்மைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு விதைபோல உறங்கிவிடும். ஸ்போர் எனப்படும் அந்த நிலையில் 100 டிகிரி கொதிநீரையும் அவை பொறுத்துக்கொள்ளும். உதகை போன்ற மலையூரில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே நிலைமை இன்னும் மோசம்.

ஸ்போர் எவ்வளவு காலம் தாங்கும்? ஸ்காட்லாந்தை ஒட்டிய குரூயினார்ட் தீவில் 1942இல் பிரிட்டன் ராணுவம் ஆடுகளின்மீது அடைப்பான் கிருமிக் குண்டைச் சோதித்தது. ஆடுகள் சில நாளில் செத்தன. மண்ணில் விழுந்த ஸ்போர்கள் சாகவில்லை. ஃபார்மால்டிஹைடு கரைசலால் நிலத்தையே நனைத்த பிறகு, 1990இல்தான் அந்தத் தீவு பாதுகாப்பானது என்று அறிவிக்கப்பட்டது. காயடித்த ஆட்டுக்கடா சில நாள் கழித்துக் கால்கள் விறைத்து, வாய் திறக்க முடியாமல் கிடக்கும்போது இதை நினைத்துக்கொள்ள வேண்டும். கத்தி பளபளப்பாகத்தான் இருந்திருக்கும்.

இதற்கு விடை 1879இலேயே கிடைத்துவிட்டது. பாஸ்டரின் கூட்டாளி சார்லஸ் சேம்பர்லாண்ட் உருவாக்கிய ஆட்டோகிளேவ், நீராவியை அடைத்து அழுத்தத்தைக் கூட்டுகிறது. சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு கூடுதல் அழுத்தத்தில் வெப்பம் 121 டிகிரியைத் தொடும். அந்த ஈர வெப்பத்தில் கால் மணி நேரத்திலிருந்து அரை மணி நேரம் வரை இருந்தால் ஸ்போரும் மடியும். துணியில் சுற்றிய கருவிக்குக் கூடுதல் நேரம் தேவை.

நாம் எதற்குப் பயப்படுகிறோம், எது உண்மையில் சாகாமல் நிற்கிறது என்பதிலும் குழப்பம் இருக்கிறது. வெறிநாய்க்கடி வைரஸ் என்றால் ஊரே நடுங்கும். அந்த வைரஸுக்குக் கொழுப்பாலான மேலுறை உண்டு. சாதாரண சோப்பு அதைக் கரைத்துவிடும். கடித்த இடத்தை உடனே சோப்புப் போட்டுக் கழுவச் சொல்வது இதனால்தான். 1978இல் உலகெங்கும் பரவிய நாய்களின் பார்வோ வைரஸுக்கு அந்த மேலுறை இல்லை. ஸ்பிரிட்டுக்கு அது அசையாது. மாதக்கணக்கில் தரையில் கிடக்கும். வாந்தியும் ரத்தப்பேதியுமாக வந்த குட்டியின் ஆசனவாயில் வைத்த தெர்மாமீட்டரை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு, தடுப்பூசிக்கு வந்த அடுத்த குட்டிக்கு வைத்தால், அந்தக் குட்டி நோயை வாங்கிக்கொண்டு வீடு திரும்பும். பார்வோவுக்குப் பிளீச் கரைசல் வேண்டும். கோமாரி வைரஸுக்கோ நம் வீட்டுச் சலவைச் சோடாவின் 4 சதவீதக் கரைசலே போதும். எந்தக் கிருமிக்கு எது என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் ஸ்பிரிட்டை நீட்டுவது, எல்லாக் காய்ச்சலுக்கும் ஒரே மாத்திரை கொடுப்பதைப் போன்றது.

தட்டில் ஊறும் நம்பிக்கை

பல மருந்தகங்களிலும் தனியார் கிளினிக்குகளிலும் மேசை ஓரத்தில் ஒரு எஃகுத் தட்டு இருக்கும். உள்ளே நிறமேறிய கிருமிநாசினித் தண்ணீர். அதில் கத்தரி, இடுக்கி, ஊசி பிடிப்பான். காலையில் ஊற்றிய தண்ணீர் மாலைவரை, சில இடங்களில் வாரம்வரை இருக்கும். எடுப்பது, பயன்படுத்துவது, திரும்ப அதிலேயே போடுவது. மருத்துவமனை வாசனையும் வரும். பார்ப்பவருக்கு நம்பிக்கையும் வரும்.

அந்தத் தட்டே கிருமி வளரும் இடமாகலாம். அமெரிக்காவின் ஒரு கால்நடை மருத்துவமனையில் சிகிச்சைக்கு வந்த விலங்குகளுக்கு செராட்டியா என்னும் பாக்டீரியாத் தொற்று பரவியது. தேடிப் போனவர்கள், பென்சல்கோனியம் குளோரைடு என்ற கிருமிநாசினிக் கரைசலுக்குள்ளேயே அந்த பாக்டீரியா குடியிருந்ததைக் கண்டார்கள். 1981இல் வெளியான ஆய்வு இது. ரத்தமும் சீழும் கலந்தால் கரைசல் வலுவிழக்கும். வலுவிழந்த கரைசலில் பிழைத்துக்கொள்ளும் கிருமிகள் இருக்கின்றன.

அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ஸ்பால்டிங் 1968இல் விளக்கிய ஒரு பாகுபாட்டை இன்றும் உலகம் பின்பற்றுகிறது. ரத்தத்துக்குள்ளோ உடலறைக்குள்ளோ போகும் கருவி ஸ்போர் உட்பட எந்தக் கிருமியும் இல்லாததாக இருக்க வேண்டும். வாய், மூச்சுக்குழாய் போன்ற ஈரச் சவ்வுகளைத் தொடும் கருவிக்கு உயர்தரத் தொற்றுநீக்கம் வேண்டும். தோலை மட்டும் தொடும் ஸ்டெதஸ்கோப், மேசை, கட்டுக்கயிறு போன்றவற்றுக்குச் சாதாரணத் தொற்றுநீக்கம் போதும். கருவி எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. மாடா, மனிதரா என்பது இந்தப் பாகுபாட்டில் எங்குமே இல்லை. வெப்பம் தாங்காத கருவிகளுக்கு 2 சதவீத குளுட்டரால்டிஹைடு இருக்கிறது. அதில் ஸ்போர் சாக வேண்டுமானால் 10 மணி நேரம் முழுகிக் கிடக்க வேண்டும். நாம் கொடுப்பதோ ஒரு மாட்டுக்கும் அடுத்த மாட்டுக்கும் இடைப்பட்ட நேரம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கழுவுதல். கிருமிநீக்கத்தின் பாதி வேலை தண்ணீர்க் குழாயடியில் முடிந்துவிடும். ரத்தக்குழாயைப் பிடிக்கும் இடுக்கி ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டு கைகளும் ஒன்றையொன்று ஊடுருவும் மூட்டில், நூல் நுழையும் இடைவெளியில் பழுப்பாக ஒரு கோடு தெரியும். துரு என்று நினைப்போம். பல நேரங்களில் அது காய்ந்த ரத்தம். அதற்குள் நீராவியும் எளிதில் நுழையாது, மருந்தும் நுழையாது. பயன்படுத்திய உடனே குளிர்ந்த தண்ணீரில் அலச வேண்டும். வெந்நீரில் போட்டால் முட்டை வெள்ளைக்கரு வெந்து இறுகுவதுபோல ரத்தப் புரதம் இறுகிப் பிடித்துக்கொள்ளும். பிறகு சோப்புத் தண்ணீர், பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மூட்டையும் பற்களையும் தேய்த்தல், நல்ல தண்ணீரில் அலசல், உலர்த்தல். பூட்டை விடுவித்து, வாயைத் திறந்த நிலையில் இரட்டைத் துணியில் சுற்றி, மேலே தேதி எழுதி நீராவிக்கு அனுப்ப வேண்டும். ஒரு இடுக்கிக்கு இரண்டு நிமிடம் பிடிக்கும். அந்த இரண்டு நிமிடத்தை மிச்சம் பிடிக்கத்தான் இத்தனை மருந்துகளும் வாங்குகிறோம்.

மேய்ச்சல் நிலத்துக்குப் பட்ட கடன்

அறுவைச் சிகிச்சையில் கிருமிநாசினியைப் புகுத்திய ஜோசப் லிஸ்டருக்கு அந்த யோசனையின் பொறி மாட்டு மேய்ச்சல் நிலத்திலிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரியாது. இங்கிலாந்தின் கார்லைல் நகரக் கழிவுநீரில் கார்பாலிக் அமிலத்தைச் சிறிதளவு கலந்தபோது, அந்நீர் பாய்ந்த நிலங்களில் நாற்றம் நின்றது; அங்கே மேய்ந்த மாடுகளைத் தாக்கிவந்த ஒட்டுண்ணிகளும் அழிந்ததாகச் சொல்லப்பட்டது. 1864இல் இதை அறிந்து வியந்ததாக லிஸ்டர் 1867இல் ‘லான்செட்’ இதழில் பதிவுசெய்தார். அறிந்த அடுத்த ஆண்டே, 1865இல், கிளாஸ்கோவில், வண்டிச் சக்கரம் ஏறிக் காலெலும்பு முறிந்த 11 வயதுச் சிறுவனின் காயத்தில் அதே அமிலத்தைப் பயன்படுத்தினார். கால் பிழைத்தது. மாட்டுக்கு நன்மை செய்ததைப் பார்த்து மனிதர் கற்ற பாடம் இது. ஒன்றரை நூற்றாண்டு கழித்தும் அந்தப் பாடம் முழுமையாக மாட்டுக் கொட்டகைக்குத் திரும்பவில்லை.

ஐந்து நாள் ஊசி யார் கணக்கில்?

கருவி தூய்மையாக இல்லை என்பது மருத்துவருக்குத் தெரியும். அதனால்தான் அறுவை முடிந்ததும் “அஞ்சு நாளைக்கு ஆன்டிபயாட்டிக் போட்டுடலாம்” என்கிறார். அரை மணி நேர நீராவி செய்ய வேண்டிய வேலையை ஐந்து நாள் ஊசியிடம் ஒப்படைக்கிறோம். ஊசி போட்ட மாட்டின் பாலை, மருந்து உடலைவிட்டு நீங்கும்வரை சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது. நாளுக்கு 10 லிட்டர் கறக்கும் மாட்டுக்கு, லிட்டர் 35 ரூபாய் என்று வைத்தால், ஐந்து நாளில் 1,750 ரூபாய் இழப்பு. மருந்துச் செலவு தனி. அந்த இழப்பைத் தாங்க முடியாதவர் பாலை ஊற்றிவிடுகிறார். அது நம் வீட்டுக் காபிக்கு வந்து சேர்கிறது.

மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றி நாடு கவலைப்படுகிறது. 2017இல் தேசியச் செயல்திட்டம் வந்தது. 2019இல் உணவுக்கான விலங்குகளுக்கு கோலிஸ்டின் கொடுப்பது தடைசெய்யப்பட்டது. தடைகள் தேவைதான். ஆனால், கருவித் தூய்மையைச் சரிசெய்யாமல் ஆன்டிபயாட்டிக்கைக் குறைக்கச் சொல்வது, ஓட்டைக் கூரையின் கீழ் இருப்பவரிடம் குடையை மடக்கச் சொல்வதாகும். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற பெரிய விலங்கு மருத்துவமனையே, பல மருந்துகளுக்கு அடங்காத சால்மொனெல்லா பரவியதால் 2004இல் மூடப்பட்டுத் தரை முதல் கூரைவரை தூய்மை செய்யப்பட்டது. வசதி நிறைந்த இடத்துக்கே அந்தக் கதி என்றால், இரண்டு அறையும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் கொண்ட நம் மருந்தகங்கள் எம்மாத்திரம்?

தெரியாமல் அல்ல

இது அறியாமைப் பிரச்சினை இல்லை. சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி நாட்டின் பழமையான கல்லூரிகளில் ஒன்று. அங்கே படித்த எவருக்கும் கருவித் துணியை மடிக்கும் முறை கண்ணை மூடினாலும் வரும். பட்டம் வாங்கி மருந்தகத்துக்கு வந்ததும் அந்த மடிப்பு மறந்துபோகிறது. காரணம் எளியது. மாதாந்தர அறிக்கையில் எத்தனை சிகிச்சை, எத்தனை செயற்கைக் கருவூட்டல், எத்தனை தடுப்பூசி, எத்தனை காயடிப்பு என்று நான் பணியிலிருந்த காலம் முழுக்க எழுதியிருக்கிறேன். எத்தனை முறை கருவிகளை வேகவைத்தாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்கப்படாத வேலை எந்த அலுவலகத்திலும் செய்யப்படுவதில்லை.

தெருநாய்க் கருத்தடையில் இந்த இடைவெளி இன்னும் கூர்மையாகத் தெரியும். 2001இல் வந்து 2023இல் புதுப்பிக்கப்பட்ட விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி பிடித்து, அறுவை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த தெருவிலேயே விட வேண்டும். பெண் நாய்க்கு வயிற்றைத் திறந்து செய்யும் பெரிய அறுவை அது. ஒரு மையத்தில் நாளுக்கு 20 அறுவை, கையிருப்பில் நான்கு கருவித் தொகுப்பு என்று வைத்துக்கொள்வோம். சூடேறி, வெந்து, உலர்ந்து, ஆற ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரம். மீதிக் கணக்கு அந்த எஃகுத் தட்டில்தான் நேராகும். வீட்டு நாய்க்குத் தையல் பிரிந்தால் உரிமையாளர் வந்து சண்டை போடுவார். தெருநாய்க்குச் சீழ் பிடித்தால் அது ஏதோ ஒரு சந்துக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். திரும்பி வராத நாய் ‘வெற்றி’ என்று கணக்கில் ஏறும்.

செய்ய வேண்டியவை

முதலாவது, மாட்டுக்கு ஓர் ஊசி. ஒரு ஊசியின் விலை ஒரு தேநீரின் விலையைவிடக் குறைவு. தடுப்பூசிக் கொள்முதலில் டோஸ் எண்ணிக்கையோடு ஊசி எண்ணிக்கையும் ஒன்றுக்கு ஒன்று என்று சேர வேண்டும். காதுவில்லை இடுக்கிக்கு இரண்டு மூன்று மாற்று முனைகளும், நடுவே கழுவித் தொற்றுநீக்க ஒரு வாளியும் வேண்டும். கழித்த ஊசிகள் துளைபடாத வெள்ளைப் பெட்டிக்குள் போக வேண்டும். 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் கால்நடை மருத்துவ நிலையங்களுக்கும் பொருந்தும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம்.

இரண்டாவது, அறுவை எண்ணிக்கைக்கு ஏற்பக் கருவித் தொகுப்பு. நாளுக்கு எத்தனை தொகுப்பு இருக்கிறதோ அத்தனை அறுவைதான் இலக்கு. 1962 என்ற எண்ணை அழைத்தால் வீட்டு வாசலுக்கு வரும் நடமாடும் ஊர்திகளுக்கும் இதே விதி: காலையில் கிளம்பும்போது சுற்றி வைத்த தொகுப்புகள் வண்டியில் ஏற வேண்டும்.

மூன்றாவது, கால்நடைப் பராமரிப்பு உதவியாளருக்குப் பயிற்சியும் அதற்கென ஒதுக்கிய நேரமும். கழுவுதலைக் கடைநிலை வேலை என்று நினைப்பதே பாதிச் சிக்கல். நான்காவது, ஒரு பதிவேடு: தேதி, தொகுப்பு எண், ஏற்றிய நேரம், இறக்கிய நேரம், கையெழுத்து. ஆய்வுக்கு வரும் அதிகாரி மருந்து இருப்பைப் பார்க்குமுன் அதைப் புரட்ட வேண்டும்.

ஆட்டோகிளேவுக்கு நிதி வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. நம் அடுப்படி பிரஷர் குக்கரும் ஏறத்தாழ அதே 15 பவுண்டு அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. 1980களில் உலகக் குழந்தைகள் தடுப்பூசித் திட்டத்தில் குக்கர் வடிவிலான நீராவிக் கலன்களில்தான் ஊசிகளை வேகவைத்தார்கள். பணிக்காலத்தின் பின்பாதியில் நானும் ஒன்றை வாங்கி மருந்தகத்தில் வைத்தேன். அடியில் தண்ணீர், மேலே தாங்கி, அதன்மேல் துணிச் சுருள். வெயிட்டைப் போடாமல் சில நிமிடம் நீராவியைச் சீற விட்டு உள்ளிருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். காற்று தங்கினால் வெப்பம் ஏறாது. பிறகு வெயிட். அழுத்தம் ஏறியதிலிருந்து அரை மணி நேரம். எங்கள் உதவியாளர் முதல் நாள் விசிலை எண்ணிக்கொண்டிருந்தார். “அரிசிக்குத்தான் விசில் கணக்கு, இதுக்குக் கடிகாரம்தான் கணக்கு” என்று சொல்லிச் சிரித்தோம். இறக்கிய சுருள் ஈரமாக இருந்தால் தொடக் கூடாது என்பதைத்தான் இருவரும் தாமதமாகக் கற்றோம். ஈரத்துணி, விரலில் இருக்கும் கிருமியை உள்ளே உறிஞ்சிவிடும். அறுவைக்குப் பின் புண்ணில் சீழ் வைத்துத் திரும்பி வரும் மாடுகள் குறைந்தன. ஊசி மருந்துக் குப்பிகள் மெதுவாகத் தீர்ந்தன. ஆய்வறிக்கை எழுதும் அளவுக்கு நான் எண்ணி வைக்கவில்லை. அதுவும் ஒரு பிழைதான்.

ஐந்தாவது வேலை மாடு வளர்ப்பவர்களுடையது. தடுப்பூசி முகாமில், கருவூட்டல் மையத்தில், நாய்க்குட்டியைத் தூக்கிச் செல்லும் நகரத்துக் கிளினிக்கில், கயிற்றை விடுவதற்குமுன் கேளுங்கள்: “ஊசி புதுசா? இந்தக் கத்தரியை எப்ப வேகவெச்சீங்க?” சிலர் கோபப்படுவார்கள். சிலர் என்னைப் போலச் சிரிக்க வைத்துத் தப்பிக்கப் பார்ப்பார்கள். கயிற்றைத் தளர்த்தாதீர்கள்.